முன்பாரம்

மாப்பிள்ளையாக ஒரு வீட்டுக்குப் போய்வருவது வேறு, அந்த வீட்டிலேயே தங்கிவிடுவது வேறு. போய்வருகிறவனுக்கு நாற்காலி போடுவார்கள். தங்கிவிட்டவனை, விருந்தாளி வந்தால் நாற்காலி எடுத்துப் போடச் சொல்வார்கள். இந்தக் கதையில் வருகிறவன் தங்கிவிட்டவன்.

லேத் பட்டறையில் நல்ல வேலைக்காரனாக இருந்தான். பட்டறையை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை ஒரு மாதம் இருக்கலாம் என்று மனைவியோடு மாமனார் வீட்டுக்கு வந்தான். அந்த ஒரு மாதம் இன்னும் முடிந்தபாடில்லை, வருஷக்கணக்கில் நீண்டுகொண்டிருக்கிறது. வெளியே போ என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ரோஷத்தோடு கிளம்பியிருப்பான். மாமனார் அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. வாங்க, போங்க, சாப்பிடுங்க என்று மரியாதை குறையாமல்தான் பேசுவார். "மாப்பிள்ளை பட்டறைக் கை, மண்வெட்டி பிடிச்சா நோகும், கொடுங்க இங்க" என்று வேலையாட்கள் முன்னால் அவன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொள்வார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்தக் குடும்பத்துக்கு மேட்டில் ஒரு பெரிய நிலம், கீழே ஓடைக்கரையில் ஒரு சின்ன நிலம். மேட்டில் முட்டைக்கோஸ். ஓடைக்கரை நிலம் சும்மா கிடந்தது. அந்தச் சும்மா கிடந்த நிலத்தின்மேல்தான் நம் மாப்பிள்ளைக்குக் கண். அதைத் தன் பொறுப்பில் விட்டால் போதும், நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடக்கலாம், ஓரமாக ஒரு கொட்டகை போட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விடலாம். அவளும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அவனை அங்கே இருக்க வைத்திருந்தாள். அப்பா மனசு வச்சா ஒரு நொடி, கொஞ்சம் பொறுங்க என்பாள். அவனும் பொறுத்தான். பொறுப்பதைத் தவிர அவனிடம் வேறு சொத்து கிடையாது.

அந்த வருஷம் கோஸில் புழு அள்ளிக்கொண்டு போனது. முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு மேடு ஏறி மருந்தடிக்க வேலையாட்கள் வரமாட்டோம் என்றார்கள். தோள்பட்டை அறுந்து போகிறது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரவுச் சாப்பாட்டில் மாமனார் சோற்றை வாயில் வைக்காமல் பிசைந்துகொண்டிருந்தார். அப்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தான். கொட்டகையில் புல் வெட்டுகிற தோட்ட டிராக்டர் ஒன்று நிற்கிறதே, அதன் பின்னால் ஒரு தொட்டியும் பம்பும் வைத்து, குறுக்கே ஒரு குழாய் கட்டி, மருந்து பீய்ச்சுகிற நாசில்களை வரிசையாகப் பூட்டினால், உட்கார்ந்தபடியே மேடு முழுக்க மருந்தடித்துவிடலாம் என்றான்.

மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், புரையேறும் அளவுக்குச் சிரித்தான். புல் வெட்டுகிற வண்டிக்கு வால் கட்டப்போகிறாராம் மாப்பிள்ளை என்றான். மாமனார் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார்.

"செஞ்சு காட்டுங்க மாப்பிள்ளை. அது ஓடிச்சுன்னா ஓடைக்கரை நிலத்தை நீங்களே பாத்துக்குங்க. நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

அன்றைக்கு அவன் மனைவி பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுத்துப் பாடினாள். அவள் பாடி அவன் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மறுநாளே கொட்டகையில் வேலை தொடங்கியது. பாவம், அவன் அந்த நாட்களில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் என்று நினைத்தால் எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வண்டியின் அடிவயிற்றில் இருந்த புல்வெட்டும் கத்திகளைக் கழற்றி ஓரம் வைத்தான். ஆங்கிள் இரும்பை அறுத்து, சட்டம் கட்டி, பின் அச்சோடு யூ போல்ட் போட்டு இறுக்கினான். அதன்மேல் நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. தொட்டி ஆடாமல் இருக்க இரண்டு பட்டை, பட்டை உராய்ந்து தொட்டி தேயாமல் இருக்கப் பழைய டியூப் ரப்பர். வண்டி பேட்டரியிலேயே ஓடுகிற சின்னப் பம்பு, மருந்து அடியில் தங்கிவிடாமல் கலக்கிக்கொண்டே இருக்க, தொட்டிக்கே திரும்பி வரும் ஒரு குழாய், ஓட்டுகிறவன் கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்சு. குறுக்குக் குழாயை மூன்று துண்டாகச் செய்து, வாசலில் நுழையும்போது இரண்டு பக்கமும் மடக்கிக்கொள்ள கீல் வைத்தான்.

பிறகு வெறும் தண்ணீரை ஊற்றி சிமெண்ட் தரையில் ஓட்டிப் பார்த்தான். தரை காய்கிற விதத்தைக் குந்தி உட்கார்ந்து கவனித்தான். ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நின்றால் அங்கே இரண்டு நாசில் ஒன்றின்மேல் ஒன்று அடிக்கிறது என்று அர்த்தம். குழாயைக் கொஞ்சம் இறக்கினான், மறுபடி ஓட்டினான். கடைசியில் தரை முழுக்க ஒரே சீராகக் காய்ந்தது. யாரும் பார்க்கவில்லை. அவன் மட்டும் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான்.

ஒரே ஒரு குறை. தொட்டியை நிரப்பினால் பாரம் முழுக்கப் பின்னால் போய்விடுகிறது. முன் சக்கரத்தின் அடியில் ஒரு காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தான், அது கிழியாமல் சுலபமாக வந்தது. சமதரையிலேயே இப்படி என்றால் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், வண்டி மல்லாந்துவிடும். மருந்து எதுவும் இல்லாத நோயா இது? பழைய ஜெனரேட்டரின் இரும்புச் சக்கரங்கள் இரண்டு மூலையில் கிடந்தன. முன்னால் ஒரு கொக்கி வைத்து அவற்றை மாட்டினான். காகிதத்தை இழுத்தான். கிழிந்துதான் வந்தது. வேலை முடிந்தது.

மாமனார் வந்தார், கூடவே மச்சான், பின்னால் வேடிக்கை பார்க்க வேலையாட்கள். மாமனார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். போல்ட்டை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பேஷ் என்றார். மாப்பிள்ளைக்குக் காது குளிர்ந்தது. முன்னால் வந்தவர் இரும்புச் சக்கரத்தைக் கண்டு நின்றார். இது எதற்கு என்று கேட்டார். மாப்பிள்ளை விளக்கினான், காகிதத்தை வைத்து இழுத்தும் காட்டினான். மாமனார் தாடையைத் தடவினார். தொட்டி நிறைந்திருக்கும்போது சரி, மருந்து தீரத் தீரப் பின்பாரம் குறைந்துவிடுமே, அப்போதும் இவ்வளவு இரும்பு முன்னால் தொங்கினால் முன்னச்சு என்னத்துக்கு ஆகும் என்று கேட்டார். தாங்கும் மாமா என்றான் மாப்பிள்ளை. அவர் காதில் வாங்கவில்லை.

"இரும்பு தானா எறங்குமா மாப்பிள்ளை? ஆளுன்னா தொட்டி நெறஞ்சிருக்கும்போது ஏறி உக்காரலாம், காலியானா எறங்கி நடந்து வரலாம். நீங்களே உக்காந்துக்குங்க. உங்களுக்கும் வெயில்ல நடக்கற வேலை மிச்சம்."

அங்கே ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், மச்சான் பொத்தாமல் சிரித்தான். மாப்பிள்ளையும் சிரித்து வைத்தான். பெரியவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தான். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பலகையை எங்கே வைப்பது என்று அளந்து காட்டினார். பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், அப்போதுதான் நாசில் எது அடைத்துக்கொண்டாலும் கண்ணில் படும், ஒரே ஆளுக்கு இரண்டு வேலை ஆகும் என்றார். ஓட்டுவது யார் என்று யாரும் கேட்கவில்லை. மச்சான் அதற்குள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொக்கியை அறுத்தவனும் அவனே, பலகையை வெல்டு வைத்தவனும் அவனே. பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் மனைவியிடம், நான் உட்கார மாட்டேன் என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். ஒரு பருவம்தானே, வண்டி ஓடினால் நிலம் நம்முடையது, அப்பா வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார் என்றாள். உட்கார்ந்தான்.

மேட்டு நிலத்தில் அவன் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். மூஞ்சியில் மாட்டுகிற முகமூடி நல்லதாக ஒன்றுதான் இருந்தது. ஓட்டுகிறவனுக்கு மயக்கம் வந்தால் வண்டி தறிகெட்டுப் போகும் என்று மாமனார் அதை மகனுக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஒரு துண்டு. பின்காற்று அடித்தால் மருந்துப் புகை ஓட்டுகிறவனைத் தாண்டி முன்னால்தான் வரும். கண் எரிந்து தண்ணீர் கொட்டும். அப்போதும் அவன் எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? மச்சானின் முகத்தை. காலையிலிருந்து சாயங்காலம்வரை, ஒரு கை தூரத்தில், முகமூடிக்கு மேலே சிரிக்கிற இரண்டு கண்கள். வாய்க்காலில் இறக்கும்போது மச்சான் வேண்டுமென்றே சடாரென்று பிரேக் போடுவான். மாப்பிள்ளை கம்பியில் முதுகை இடித்துக்கொண்டு கத்தினால், பாரம் தூங்கிவிட்டது, எழுப்பினேன் என்பான். தொட்டி காலியானால் வண்டியை நிறுத்துவான், மாப்பிள்ளை இறங்கிக் கூடவே நடப்பான். நிரப்பினால் மறுபடி ஏறுவான். வேலையாட்கள் அவனுக்குப் பாரம் அண்ணன் என்று பேர் வைத்துவிட்டார்கள். சோறு தின்றால் மருந்து ருசி. படுத்தால் இருமல். இதற்கு நடுவே வண்டி மட்டும் அருமையாக ஓடியது. ஒரு நாசில் அடைக்கவில்லை, ஒரு போல்ட் தளரவில்லை. புழு செத்துக் கொட்டியது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, மாமனாரின் மூளையே மூளை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் மேட்டின் அடியில் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஓடைக்கரை நிலத்தில் இரண்டு பேர் நின்று நூல் பிடித்துக் கட்டை அடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. யார் அவர்கள் என்று மாப்பிள்ளை கேட்டான். மச்சான் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"கொத்தனாருங்க. அப்பா எனக்கு அங்க வீடு கட்டித் தர்றாரு. ஏன், தங்கச்சி சொல்லலையா? போன மாசமே அவளுக்குத் தெரியுமே."

மாப்பிள்ளை ஓடைக்கரையிலிருந்து கண்ணை எடுத்தான். தொட்டி மூடியை இறுக்கினான். கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய்ப் பலகையில் உட்கார்ந்தான். வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது. மச்சான் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான், ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது, வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று. மாப்பிள்ளைக்கு அது காதில் விழவில்லை. அவன் காதில் விழுந்ததெல்லாம் பாத்திரம் தேய்த்துக்கொண்டு அவள் பாடிய பாட்டுத்தான். போன மாசம் முழுக்க அவன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டவள் அவள். விட்டுக்கொண்டே, பொறுங்கள் என்றவள்.

மேடு செங்குத்தாகிற இடம் வந்தது. தொட்டி ததும்ப நிறைந்திருந்தது. மாப்பிள்ளை பலகையிலிருந்து இறங்கினான். குதிக்கவில்லை, பாயவில்லை. நிறுத்தம் வந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்குவோமே, அப்படி இறங்கி ஒதுங்கி நின்றான்.

முன் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. மச்சானின் கண்களில் சிரிப்பு போனதை மாப்பிள்ளை பார்த்தான். பயத்தில் மச்சான் பெடலை இன்னும் அழுத்தினான், அதுதான் வினையாகப் போனது. வண்டி எழுந்து நின்று, அப்படியே பின்னால் சாய்ந்தது. தொட்டிக்கும் தரைக்கும் நடுவே மச்சானின் இரண்டு கால்களும் மாட்டிக்கொண்டன. வேலையாட்கள் ஓடிவருவதற்குள் மாப்பிள்ளை எஞ்சினை அணைத்துவிட்டான், பம்பையும் அணைத்தான். வண்டிக்கு ஒன்றும் ஆகக்கூடாதே.

ஆஸ்பத்திரியில் இரண்டு காலிலும் கம்பி வைத்தார்கள். இனி கைத்தடி இல்லாமல் நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். மச்சான் கட்டிலில் கிடந்தபடி, அவன் இறங்கிட்டாம்ப்பா, அவனா இறங்கிட்டான் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். வராந்தாவில் மாமனார் மாப்பிள்ளையை நிறுத்தினார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"ஏன் எறங்குனீங்க மாப்பிள்ளை?"

"தொட்டி காலின்னு நெனச்சிட்டேன் மாமா. காலியானா எறங்கச் சொன்னது நீங்கதானே."

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். தொட்டியை நிரப்பி மூடியை இறுக்கியதே அவன்தான் என்று வேலையாட்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். சரி என்றார். போலீஸ் என்றோ, வெளியே போ என்றோ சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் ஒருவனுக்குக் கால் உடைந்துவிட்டது என்று புழு காத்திருக்குமா? கோஸில் மறுபடி ஓட்டை விழ ஆரம்பித்தது. வண்டியைத் தொட வேலையாட்கள் பயந்தார்கள். மாப்பிள்ளையே வளைந்த சட்டத்தை நிமிர்த்தினான், குழாயை மாற்றினான். மாமனார், இனிமேல் நீங்களே ஓட்டுங்க என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அவனுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மச்சானின் அலறலை நினைத்துப் பார்த்தான், மனசு உறுத்தவில்லை. கடைசியில் அந்த இருக்கை அவனுக்கு வந்துவிட்டது. மச்சானே எழுந்து நடக்கவில்லை, ஓடைக்கரையில் அவனுக்கு எதற்கு வீடு? அதுவும் வரும், வந்துதானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டான். பலகையை அறுத்து எறிந்துவிட்டு இரும்புச் சக்கரங்களையே மறுபடி மாட்டிவிட வேண்டும் என்று புதுக் கொக்கி ஒன்று வைத்தான். பலகையை அறுப்பதற்கு முன்னால் சும்மா ஒருமுறை மாட்டிப் பார்த்தான். சரியாக இருந்தது. பலகையைப் பிறகு அறுத்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

காலையில் வண்டியை மேட்டின் அடிக்குக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினான். வேலையாட்கள் எல்லோரும் வரப்பில் நின்றார்கள். மாமனார் மெல்ல நடந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் முன்பக்கம் போனார்.

"இரும்பைக் கழட்டுங்க மாப்பிள்ளை. முன்னச்சு தாங்காதுன்னு அன்னிக்கே சொன்னேனே. நான் உக்காந்துக்கறேன்."

வேண்டாம் மாமா, உங்கள் வயசுக்கு இதெல்லாம் எதற்கு, மருந்துப் புகை ஒத்துக்கொள்ளாது என்று அவன் என்னென்னவோ சொன்னான். உங்களுக்கு ஒத்துக்கொண்டதே என்றார் அவர். அவன் வரப்பைப் பார்த்தான். அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஆள் உட்காரக் கூடாது என்று அவன் சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். ஆள் என்றால் நடுமேட்டில் வேண்டுமென்றே இறங்கிவிட முடியும் என்று சொல்ல வேண்டியிருக்கும். அது உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.  ஸ்பானரை எடுத்தான்.  சக்கரங்கள் இரண்டையும் கழற்றி வரப்போரம் வைத்தான்.

மாமனார் பலகையில் ஏறிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். வீட்டிலிருந்து அவன் மனைவி முகமூடியோடு வந்தாள். ஒருகணம் அவனுக்கு நம்பிக்கை வந்தது, அப்பாவை இறங்கச் சொல்வாள் என்று. அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகமூடியை அப்பாவின் முகத்தில் மாட்டி, பின்னால் பட்டையை இழுத்து இறுக்கிவிட்டு, வேலையாட்களோடு போய் நின்றுகொண்டாள்.

அவன் ஏறி உட்கார்ந்தான். ஒரு கை தூரத்தில் பெரியவரின் கண்கள். அந்தக் கண்களை அவன் பார்க்கவில்லை. கீழே தொங்கிய அவருடைய கால்களைத்தான் பார்த்தான். செருப்பில்லாத கால்கள், தரைக்கு ஒரு சாண் மேலே, அவசரமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.

முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தொட்டி நெறஞ்சிருக்கா மாப்பிள்ளை?"

"நெறஞ்சிருக்கு மாமா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எனக்கும் வயசாயிடுச்சு. காலின்னு நெனச்சு எறங்கிடப் போறேன்."

 அவன் பெடலை மிதித்தான். வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது.